ஒரகடம் வரை வந்த ‘வானாக்ரை’: கம்ப்யூட்டர் வார்ம் எப்படி நுழைகிறது, எப்படி விரட்டுவது?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இந்தியாவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கிய ஒரு சைபர் தாக்குதல், இரவுச் சாப்பாட்டுக்குள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள், ஸ்பெயினின் டெலிஃபோனிகா, ஜெர்மனி ரயில் நிலையங்களின் அறிவிப்புத் திரைகள், பிரான்ஸின் கார் ஆலைகள் என எங்கு பார்த்தாலும் அதே சிவப்புப் பெட்டி: ‘உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் கட்டுங்கள்.’

அந்தப் பட்டியலில் சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு பெயர் இருந்தது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரகடம் ரெனோ - நிஸான் கார் ஆலை. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கமிருந்து ஷிஃப்ட் பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

சரி, இந்தப் பழைய கதை இப்போ எதுக்கு? காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. முடிச்சூர் சாலை ஜெராக்ஸ் கடையில் இருந்து குரோம்பேட்டை ஆடிட்டர் ஆபீஸ் வரை அந்த விண்டோஸில் ஓடும் கம்ப்யூட்டர்கள் இன்னும் எத்தனையோ. 2017-ல் அடி வாங்கியவர்களும் இதே மாதிரி ‘நல்லாத்தானே ஓடுது’ என்று விட்டு வைத்தவர்கள்தான்.

வைரஸ் வேறு, வார்ம் வேறு

எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், இரண்டுக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு.

வைரஸுக்கு ஒரு துணை வேண்டும். ஏதோ ஒரு ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஃபைலை நீங்கள் திறந்தால்தான் அதற்கு உயிர். வார்ம் அப்படி இல்லை, அது தனி ஆள். ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்ததும் அடுத்த கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று தானே தேடும். தன்னைத்தானே நகல் எடுத்து அனுப்பும். பல நேரங்களில் நீங்கள் எதையும் க்ளிக் செய்யவே வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகி நெட்வொர்க்கில் இருந்தால் போதும்.

இன்டர்நெட்டை முதன்முதலில் முடக்கிப்போட்ட வார்ம் 1988 நவம்பர் 2-ல் வந்தது. ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதியது. அப்போது இணையத்தில் மொத்தமே சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள்தான். அதில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரே கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப தன்னை நகல் எடுத்ததால் மெஷின்கள் திணறி நின்றன. நுட்பம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால், ‘கண்டுபிடி, நுழை, நகல் எடு, மறுபடி கண்டுபிடி’ என்ற வேலைமுறை இன்றும் அதேதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

வானாக்ரையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். அதில் இரண்டு பாகங்கள் இருந்தன. பரவுகிற வேலைக்கு ஒரு வார்ம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வேலைக்கு ஒரு ரேன்சம்வேர். ஒன்று வண்டி, இன்னொன்று அதில் வரும் சரக்கு.

முதல் கட்டம், தேடல். ஒரு ஆபீஸில் ஒரே பிரிண்டரை நாலு பேர் பயன்படுத்த, ஒருவர் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலை இன்னொருவர் திறக்க, விண்டோஸ் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு முறை உண்டு. அதன் பெயர் எஸ்.எம்.பி. இதற்கான கதவு எண், அதாவது போர்ட், 445. வானாக்ரை முதலில் அதே ஆபீஸ் நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரின் 445-ம் கதவையும் தட்டிப் பார்த்தது. கூடவே இன்டர்நெட்டில் ஏதாவது ஒரு முகவரியைத் தோராயமாக எடுத்து அங்கேயும் தட்டியது.

இரண்டாம் கட்டம், நுழைவு. எஸ்.எம்.பி-யின் மிகப் பழைய முதல் பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட விதத்தில் கோணலாகத் தயாரித்த தகவலை அனுப்பினால், விண்டோஸ் குழம்பிப்போய் வெளியாள் அனுப்பிய கட்டளையைத் தன் சொந்தக் கட்டளையாக நினைத்து இயக்கிவிடும். இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ஆயுதத்தின் பெயர் ‘எடர்னல்புளூ’. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ உருவாக்கியதாகச் சொல்லப்படும் இது, 2017 ஏப்ரல் 14-ல் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற குழுவால் இணையத்தில் கசியவிடப்பட்டது. பாஸ்வேர்டு கேட்காது. ‘அனுமதிக்கவா?’ என்று திரையில் எதுவும் வராது.

மூன்றாம் கட்டம், குடியேறுதல். உள்ளே வந்ததும் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு சேவை மாதிரியே ஒரு பெயரை வைத்துக்கொண்டு விண்டோஸ் சர்வீஸாகப் பதிவு செய்துகொண்டது. இனி கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும்.

நான்காம் கட்டம், சரக்கை இறக்குதல். வேர்ட், எக்செல், போட்டோ, டேட்டாபேஸ் என 170-க்கும் மேற்பட்ட வகை ஃபைல்களைத் தேடித் தேடிப் பூட்டியது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களையும் அழித்தது. இதெல்லாம் நடக்கும்போதே, இன்னொரு பக்கம் அடுத்த கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் ‘ஈமெயில் மூலம் பரவுகிறது’ என்றுதான் பலரும் எழுதினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த 445-ம் கதவு வழியாகவே அது வந்திருக்கிறது. ‘தெரியாத மெயிலைத் திறக்காதீங்க’ என்ற அறிவுரை மட்டும் அன்று யாரையும் காப்பாற்றியிருக்காது.

சில நூறு ரூபாயில் நின்றுபோன தாக்குதல்

இதை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டன் ஆராய்ச்சியாளர். வானாக்ரை வேலையைத் தொடங்கும் முன் அர்த்தமே இல்லாத நீளமான ஒரு வெப்சைட் முகவரியைத் தொடர்புகொள்ள முயல்வதை அவர் கவனித்தார். அந்த முகவரியை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. 10.69 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 700 ரூபாய் கட்டி, அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். முகவரி கிடைத்துவிட்டால் வேலையை நிறுத்திவிடும்படி அந்த வார்ம் எழுதப்பட்டிருந்தது. இந்திய நேரப்படி இரவு 8.30 மணி வாக்கில் பரவல் வேகம் சரிந்தது.

ஆனால், இதில் ஒரு சிக்கல். ‘பிராக்ஸி’ வழியாக மட்டுமே இன்டர்நெட் கிடைக்கும் பெரிய ஆபீஸ்களில், அந்த முகவரியை வார்மால் தொட முடியவில்லை. அதனால் அங்கெல்லாம் அது நிற்கவும் இல்லை. வீட்டு கம்ப்யூட்டருக்குக் கிடைத்த தப்பிக்கும் வாய்ப்பு, கட்டுப்பாடு அதிகமான நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை.

சேதம் 150 நாடுகளுக்கு மேல், 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் மட்டும் சுமார் 19,000 மருத்துவ அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் ஆரம்பக் கணக்கில் அதிகம் தாக்கப்பட்ட நாடுகள் வரிசையில் ரஷ்யா, உக்ரைனுக்கு அடுத்து இந்தியா இருந்தது. ஆந்திராவில் சில மாவட்டக் காவல் துறை கம்ப்யூட்டர்கள், மேற்கு வங்கத்தில் மின்விநியோக அலுவலகங்கள், கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகங்கள், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில நிர்வாக கம்ப்யூட்டர்கள் என்று பாதிப்புச் செய்திகள் வந்தன. இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான ‘செர்ட்-இன்’ அவசர எச்சரிக்கை விட்டது.

2017 டிசம்பரில், இதன் பின்னணியில் வட கொரியா இருப்பதாக அமெரிக்கா வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. அந்த நாடு மறுத்தது.

அந்த 59 நாட்கள்

இந்தக் கதையில் எல்லோரும் கவனிக்க வேண்டிய எண் 59. எடர்னல்புளூ நுழையும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. இடையில் 59 நாட்கள். அந்த அப்டேட்டைப் போட்ட கம்ப்யூட்டருக்குள் வானாக்ரையால் இந்த வழியில் நுழைய முடியவில்லை. அப்டேட் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான் மிக அதிகமாக அடி வாங்கின. அதாவது, மருந்து கையில் இருந்தது, சாப்பிடவில்லை.

முன்பும் இதேதான் நடந்தது. 2008 அக்டோபர் 23-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட்டை வெளியிட்டது. அது அடைத்த ஓட்டையைப் பயன்படுத்தும் ‘கான்ஃபிக்கர்’ வார்ம் அடுத்த மாதமே வந்து, பல லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது.

ஏன் போடவில்லை என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு நியாயம் இருக்கும். தொழிற்சாலைகளில் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரை அப்டேட் செய்ய லைனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி நஷ்டம், இயந்திரம் விற்ற நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. மருத்துவமனையில் ஸ்கேன் மெஷினோடு வந்த மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது. சின்ன கடைகளில் நிலைமை வேறு: விண்டோஸே ஒரிஜினல் இல்லை. அப்டேட் போட்டால் ஆக்டிவேஷன் போய்விடுமோ என்ற பயத்தில் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருப்பார்கள். கிராக் மென்பொருள் இன்ஸ்டால் ஆவதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்திருப்பார்கள்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் நேராக கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வர வேண்டும் என்றால், பல மாடல்களுக்கு அந்த ஓட்டை எஸ்.எம்.பி முதல் பதிப்பு தேவை. 2017 கடைசியில் இருந்து புதிய விண்டோஸ் 10-ல் அது தானாக வராது. ஆனால் ஸ்கேன் வரவில்லை என்று கூப்பிட்டால், சர்வீஸுக்கு வருபவர் அதை மறுபடி ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போவார். ஸ்கேன் வந்துவிடும். கதவு திறந்தே கிடக்கும்.

நெட்வொர்க்கே இல்லைன்னா?

அப்போதும் முழு நிம்மதி இல்லை, பென் டிரைவ் இருக்கிறது. தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்களில் பிராஜெக்ட் பிரின்ட் எடுக்கப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு ‘ஷார்ட்கட் வைரஸ்’ பழக்கமான பெயர். பெயரில் வைரஸ் இருந்தாலும், அந்த வகையில் பல உண்மையில் வார்ம்கள்தான்.

பென் டிரைவைச் செருகியதும் அது உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். ஃபோல்டர் என்று நினைத்து அதை இரண்டு முறை க்ளிக் செய்தால் முதலில் வார்ம் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். சந்தேகமே வராது. அடுத்து அந்தக் கம்ப்யூட்டரில் செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் அது ஏறும். காலையில் ஒருவர் கொண்டுவந்தது, சாயங்காலத்துக்குள் சேலையூர், செம்பாக்கம், பல்லாவரம் என்று வீடு வீடாகப் போய்விடும்.

உலகின் மிகப் பிரபலமான வார்மும் இந்த வழியில் பயணித்ததுதான். 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் குறிவைத்தது. விண்டோஸ் ஷார்ட்கட் ஐகானைத் திரையில் காட்டும் முறையில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. க்ளிக் செய்யவே வேண்டாம், பென் டிரைவைத் திறந்து பார்த்தாலே போதும். சிமான்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி அது அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

இங்கே கூடங்குளத்தையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் 30-ல், அங்கு ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டதை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது வார்ம் இல்லை, உளவு பார்க்கும் மால்வேர். பாதிக்கப்பட்டது இன்டர்நெட்டோடு இணைந்த நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பு இல்லை என்றும் கழகம் சொன்னது. இதற்கு நேர்மாறான உதாரணம் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் அளித்தது.

ஓ.எம்.ஆர் டெவலப்பர்களுக்கு ஒரு புதிய வார்ம்

‘எங்களுக்கெல்லாம் மேக் லேப்டாப், இந்தப் பிரச்சினை இல்லை’ என்று நினைப்பவர்களுக்காக 2025-ல் ஒன்று வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் டெவலப்பர்கள் தினமும் பயன்படுத்தும் என்.பி.எம் தொகுப்புக் களஞ்சியத்தில் செப்டம்பர் மாதம் பரவிய இதன் பெயர் ‘ஷாய்-ஹுலூட்’.

பாதிக்கப்பட்ட ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால், டெவலப்பரின் கம்ப்யூட்டரில் உள்ள கிட்ஹப், கிளவுட் சாவிகளைத் தேடித் திருடும். அவர் பராமரிக்கும் மற்ற பேக்கேஜ்களுக்குள் தன்னைச் சேர்த்து, அவர் பெயரிலேயே புதிய பதிப்பாக வெளியிட்டுவிடும். அதை இன்ஸ்டால் செய்பவர் அடுத்த பலி. 500-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. நவம்பரில் இரண்டாவது அலையும் வந்தது. ஓட்டை இங்கே விண்டோஸில் இல்லை, டெவலப்பர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையில் இருந்தது.

வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ரேன்சம்வேர் இருந்தால் திரையே சொல்லிவிடும். மற்றவை சத்தமில்லாமல் இருக்கும். கீழ்க்கண்டவற்றில் இரண்டு, மூன்று ஒன்றாகத் தெரிந்தால் உஷாராகிவிடுங்கள்.

• நீங்கள் எதுவும் செய்யாதபோதும் நெட் வேகம் விழுகிறது, ஃபேன் சத்தம் அடங்கவில்லை.

• ஒரே ஆபீஸில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் மெதுவாகின்றன. ஒன்று மட்டும் என்றால் பழுதாக இருக்கலாம், எல்லாம் என்றால் சந்தேகம்தான்.

• ஆன்டிவைரஸ் தானாக அணைந்துவிட்டது, அல்லது ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. கான்ஃபிக்கர் செய்த வேலை இது.

• பாஸ்வேர்டு தவறாகப் போடாமலே பலரின் லாகின் லாக் ஆகிறது. வார்ம் பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்க்கிறது என்று அர்த்தம்.

• பென் டிரைவில் எல்லா ஃபோல்டரிலும் சின்ன அம்புக்குறி.

அகற்றுவது எப்படி?

வார்மை அகற்றும்போது பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தம் செய்து உடனே நெட்வொர்க்கில் திரும்பச் சேர்ப்பது. நாலாவதைச் சுத்தம் செய்யும்போது முதலாவதில் மறுபடி ஏறியிருக்கும். அதனால், வரிசை முக்கியம்.

1. முதலில் பிரியுங்கள். லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆபீஸ் என்றால் எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே நேரத்தில். கம்ப்யூட்டரை அவசரப்பட்டு ஆஃப் செய்ய வேண்டாம். வானாக்ரையில், ரீஸ்டார்ட் செய்யாத சில பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் மெமரியில் இருந்தே சாவியை மீட்கும் கருவியை பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். நெட்வொர்க்கில் இருந்து பிரிக்க வழியே இல்லை என்றால் மட்டும் ஆஃப் செய்யுங்கள்.

2. பதிவு செய்யுங்கள். திரையை மொபைலில் போட்டோ எடுங்கள். ஃபைல் பெயர்களின் கடைசியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வகை வார்ம் என்று கண்டுபிடிக்க இது தேவைப்படும்.

3. விண்டோஸ் ஓடாதபோது ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-ல் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’க்குள் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ போய், ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும். பூட்டிய ஃபைலை மீட்கும் முயற்சி ஏதாவது பாக்கி இருந்தால் அதை முடித்த பிறகே இதைச் செய்யுங்கள். வேறு கருவி தேவை என்றால், சுத்தமான இன்னொரு கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து கொண்டுவர வேண்டும். மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கும். இத்திட்டத்தில் பங்கேற்கும் நிறுவனங்களில் ஒன்றான கே7, சோழிங்கநல்லூரைத் தலைமையிடமாகக் கொண்டது.

4. மிச்சத்தைத் தேடுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்-அப் பகுதி, டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் பட்டியல் மூன்றிலும் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் உருவாக்காத யூசர் கணக்கு இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது.

5. ஓட்டையை அடைத்த பிறகே இணையுங்கள். பாக்கி உள்ள எல்லா அப்டேட்களையும் போடுங்கள். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் எஸ்.எம்.பி 1 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். 445 போர்ட் இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று ரவுட்டரில் பார்த்து மூடச் சொல்லுங்கள்.

6. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதுவும் வேறொரு சுத்தமான கருவியில் இருந்து. ஆபீஸில் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். 2017 ஜூன் 27-ல் வந்த ‘நாட்பெட்யா’, ஒரு கம்ப்யூட்டரில் திருடிய பாஸ்வேர்டை வைத்து, அப்டேட் போட்ட கம்ப்யூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. மும்பை ஜே.என்.பி.டி துறைமுகத்தின் ஒரு சரக்கு முனையம் அப்போது முடங்கியது.

7. சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபார்மட். சர்வர், கணக்கு வழக்கு, நோயாளிகளின் தகவல் இருக்கும் கம்ப்யூட்டர்களில் ‘சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கிறேன்’ போதாது. புதிதாக விண்டோஸ் போட்டு, ஸ்கேன் செய்த பேக்கப்பில் இருந்து ஃபைல்களை மீட்பதே பாதுகாப்பு.

ஷார்ட்கட் வார்ம் ஏறிய பென் டிரைவ் என்றால் எதையும் இரண்டு முறை க்ளிக் செய்யாதீர்கள். சுத்தமான கம்ப்யூட்டரில் முதலில் ஸ்கேன் செய்து, ஃபைல் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கை எடுங்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அழியாமல் அங்கேயேதான் இருக்கும். அவற்றை நகல் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

டெவலப்பர்கள் பாதிக்கப்பட்ட பேக்கேஜை நீக்கினால் மட்டும் போதாது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த எல்லா டோக்கன்களையும், கிளவுட் சாவிகளையும் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும்.

பணம் கட்டலாமா?

வானாக்ரை இதற்கு நல்ல பாடம். 300 டாலர், மூன்று நாளில் 600, ஏழு நாளில் ஃபைல் போய்விடும் என்று மிரட்டியது. ஆனால், எல்லோருக்கும் பொதுவாக மூன்றே மூன்று பிட்காயின் முகவரிகள். யார் பணம் கட்டினார்கள் என்று தானாகக் கண்டுபிடிக்கும் வழியே அதில் ஒழுங்காக இல்லை. முதல் ஒரு மாதத்தில் மொத்தம் சேர்ந்தது சுமார் 1.3 லட்சம் டாலர். கட்டியவர்களுக்கு ஃபைல் திரும்பக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் அளிக்கலாம். நிறுவனங்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை: 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

அப்டேட் நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. நேற்று மாதிரியேதான் ஓடும். ஆபத்தும் அதுதான். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் விண்டோஸ் 11-ல் அடைக்கப்படும். அதே ஓட்டை 10-லும் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸ் 11 அப்டேட்டே தாக்குபவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வழி, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11-க்கு மாறுவது. முடியாவிட்டால், தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸை பேக்கப் செய்தாலே பணம் கட்டாமல் சேர முடியும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் பாருங்கள். பிரவுசிங், டைப்பிங் மட்டும் போதும் என்றால் உபுண்டு, மின்ட் போன்ற இலவச லினக்ஸும் பழைய கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடும். எதுவும் முடியாத, மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் என்றால் அதை இன்டர்நெட்டில் இருந்தும் மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தும் பிரித்து வையுங்கள்.

யார் தலையில் விழுகிறது?

2018 ஆகஸ்டில், வானாக்ரை வந்து 15 மாதங்கள் கழித்து, உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பாளரான தைவானின் டி.எஸ்.எம்.சி ஆலைகளை அதன் ஒரு வகை நிறுத்தியது. காரணம், புதிதாக வந்த ஒரு மெஷினை ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தது. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் 3% பாதிக்கப்படலாம் என்று நிறுவனமே முதலில் மதிப்பிட்டது. அவ்வளவு பணமும் பொறியாளர்களும் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை.

அப்படி ஒரு நிறுவனம் எழுந்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஐ.டி ஆள் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. பிரின்டர் ரிப்பேர் பார்ப்பவரே எல்லாமும் பார்ப்பார். டிசைன் ஃபைல், பில், ஜி.எஸ்.டி கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். அது பூட்டப்பட்டால் அந்த மாதச் சம்பளமே சிக்கல். ஜெராக்ஸ் கடையிலும் இதே கதைதான், கூடுதலாக ஒன்று: ஸ்கேன் செய்த ஆதார், பேங்க் பாஸ்புக், மார்க் ஷீட் என்று வாடிக்கையாளர்களின் தகவல்கள் அந்த ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும்.

பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு சப்ளை செய்பவர்களிடம் தரச் சான்றிதழ் கேட்பது போல, ‘அப்டேட் போட்டீர்களா, பேக்கப் இருக்கிறதா’ என்றும் கேட்கத் தொடங்கினால் நிலைமை மாறும். கேட்பதோடு நிறுத்தாமல், அதற்கான செலவையும் விலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். செர்ட்-இன் எச்சரிக்கைகள் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடக்காமல், தொழில் சங்கங்கள் வழியாகத் தமிழில் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும்.

அதுவரை, உங்கள் கையில் இருப்பது சின்ன வேலைதான். இன்று இரவு கம்ப்யூட்டரை அணைக்கும் முன் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ என்று வந்தால் அதையே அழுத்துங்கள். வீட்டில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் முக்கியமான ஃபைல்களை அதில் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும்.